முறிந்த எலும்பும் ஓடும் வண்டியும்

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 24 வரை, தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத்த சர்வதேசப் பந்தயப் பாதையில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் ஒரு சுற்று நடைபெற்றது. ‘மோட்டோ ஜீ.பி.’ என வழங்கும் இத்தொடர் இந்திய மண்ணில் நடைபெற்றது அதுவே முதல் முறை. 2011-இல் மோட்டார் கார்ப் பந்தயங்களுக்கெனத் திறக்கப்பட்ட இப்பாதையில், மோட்டார் சைக்கிள்களுக்காக 4.96 கிலோமீட்டர் நீளமும் 13 வளைவுகளும் கொண்ட வழி ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. வேகத்தைக் காணவே பல்லாயிரம் மக்கள் அங்கே கூடினர். எனினும், அம்மூன்று நாட்களின் நிகழ்ச்சிகளும் அவற்றைத் தொடர்ந்த மூன்று வாரங்களின் நிகழ்ச்சிகளும், எலும்பு முறிவைப் பற்றிய ஒரு பாடமாகவும் அமைந்துவிட்டன.

சனிக்கிழமையன்று நடந்த தகுதிச் சுற்றில் ஸ்பெயின் நாட்டு வீரர் அலெக்ஸ் மார்க்கெஸ் விழுந்து விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். அன்று மாலை நடந்த குறும்பந்தயத்தின் முதல் வளைவிலேயே இத்தாலிய வீரர் லூகா மரீனியின் வண்டி, அவருடைய குழுவைச் சேர்ந்த மார்கோ பெத்ஸெக்கியின் வண்டிமீது மோதியது. மரீனி கீழே விழுந்தார். அவரது இடது காறை எலும்பு முறிந்தது. பெத்ஸெக்கி கடைசி இடங்களுக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து முன்னேறி ஐந்தாவதாக வந்தார். மறுநாள் பெரும்பந்தயத்தில் வென்றவரும் அவரே.

அன்று களத்திலிருந்த மற்றொருவரையும் குறிப்பிட வேண்டும். உலகச் சாம்பியன் பட்டத்தை அப்பொழுது தாங்கியிருந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ பன்யாயா, அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், செப்டம்பர் 3-ஆம் நாள், பார்ஸிலோனாவை அடுத்த பாதையில் முதல் சுற்றிலேயே தூக்கி எறியப்பட்டார். பின்னால் வந்த வண்டியொன்று அவர் கால்கள்மீது ஏறிச் சென்றது. எலும்பு எதுவும் முறியாதது வியப்பே. அடுத்த வாரமே அவர் மிசானோ நகரப் பந்தயத்தில் இறங்கி, குறும்பந்தயத்திலும் பெரும்பந்தயத்திலும் மூன்றாவதாக வந்தார்.

மரீனி தாயகம் திரும்பி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஜப்பானில் நடந்த அடுத்த சுற்றில் அவர் கலந்துகொள்ளவில்லை. அக்டோபர் 14-ஆம் நாள், அதாவது நொய்டாவில் விழுந்த இருபத்தோராம் நாள், இந்தோனேஷியாவின் மண்டலிகா பாதையில் தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட விரைவாக ஓட்டி முதலிடத்தைப் பிடித்தார். அன்றைய குறும்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அதே பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் பெத்ஸெக்கி. அவரோ ஒரு வாரத்துக்கு முன்புதான் பயிற்சியின்போது விழுந்து வலது காறை எலும்பை முறித்துக்கொண்டு, உடனே தகடு பொருத்தப்பட்டு, நேரே பந்தயத்துக்கு வந்திருந்தார். ஆக, பரிசு மேடையில் நின்ற மூவரில் இருவருடைய தோள்களில் புதிய உலோகத் தகடுகள் இருந்தன.

இச்செய்தியைக் கேட்போர் இருவகையாகப் பேசுவர். ஒரு சாரார் இவர்களை எஃகு மனிதர் என்பர். மறுசாரார் அறிவற்ற துணிச்சல் என்பர். எலும்பு எவ்வாறு முறிகிறது, எவ்வாறு கூடுகிறது, தகடு செய்யும் வேலை யாது என்பவற்றை அறிந்த பிறகே இவ்விரண்டில் எது பொருந்தும் என்று கூற இயலும். இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை என்பது அப்பொழுது விளங்கும்.

காறை எலும்பு ஏன் முறிகிறது?

கழுத்தின் அடியில், மார்பெலும்பின் மேல்முனையிலிருந்து தோள் வரை குறுக்காகச் செல்லும் மெல்லிய எலும்பே காறை எலும்பு. சட்டைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே விரலால் தடவினால் அதன் முழு நீளத்தையும் உணரலாம். கையை உடலின் நடு எலும்புக்கூட்டோடு இணைக்கும் ஒரே எலும்புப் பாலம் இதுவே. தோளின் பின்புறமுள்ள தட்டெலும்பு தசைகளாலேயே தாங்கப்படுகிறது. அஃது உடற்கூட்டோடு நேரடியாகப் பொருந்தவில்லை. கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குபவற்றுள் காறை எலும்பும் ஒன்று. ஆயினும் அதன் உள்முனை முழுமையாக இணைந்து முடிய ஏறத்தாழ 25 வயது ஆகிவிடுகிறது.

விழும் மனிதன் தோளின்மீது மோதினாலும், கையை நீட்டி ஊன்றினாலும், அந்த விசை தோளுக்கு வந்து, அங்கிருந்து இப்பாலத்தின் வழியாகவே மார்புக்குச் செல்ல வேண்டியுள்ளது. எலும்போ நேரானதன்று, நெளிந்த வடிவுடையது. அதன் நெளிவு மாறும் நடுப்பகுதி மெலிந்திருப்பதோடு, தசைகளின் துணையும் அங்கே குறைவு. எனவே பெரும்பாலும் அவ்விடத்திலேயே ஒடிகிறது. ஒரு வகையில் இது நன்மையே. மோதலின் ஆற்றலில் ஒரு பகுதியை இவ்வெலும்பு ஒடிந்து வாங்கிக்கொள்வதால், கழுத்துக்கும் மார்புக்கும் செல்வது குறைகிறது.

2018 முதல் மோட்டோ ஜீ.பி. வீரர்கள் காற்றுப்பை பொருத்திய உடுப்பு அணிவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உடல் வண்டியிலிருந்து பிரிந்து சுழலுவதை உடுப்பிலுள்ள கருவி உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்தினும் குறைந்த காலத்தில் தோளையும் காறை எலும்பையும் சுற்றிப் பையை ஊதிவிடுகிறது. இதனால் பல முறிவுகள் தவிர்க்கப்படுகின்றன. முற்றிலும் தவிர்க்கப்படவில்லை என்பதை நொய்டா நிகழ்ச்சியே காட்டியது.

தோள் தாங்கும் பளு

பந்தய வண்டியைச் செலுத்துவது உட்கார்ந்து செய்யும் வேலை என்று எண்ணுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை, வளைவுக்கு முன் 5 நொடியில் மணிக்கு 90 கிலோமீட்டராகக் குறைப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு நொடியும் குறையும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். இது புவியீர்ப்பின் முடுக்கத்தைப்போல் 1.4 மடங்கு. அப்பொழுது 65 கிலோகிராம் எடையுள்ள வீரரின் உடல், 91 கிலோகிராம் மூட்டையின் பளுவுக்கு ஒப்பான விசையுடன் முன்னோக்கித் தள்ளப்படும். முழங்கால்களால் எரிபொருள் தொட்டியை இறுகப் பற்றி ஒரு பகுதியைத் தாங்கலாம். எஞ்சியதைக் கைகளும் தோள்களுமே தாங்க வேண்டும். சுற்றுக்குப் பலமுறை இவ்வாறு நேரும். நொய்டாவில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெப்பமும் புழுக்கமும் மிகுந்திருந்தமையால் 24 சுற்றுகளாக இருந்த பந்தயத்தை 21 ஆகக் குறைத்தனர். அப்படியும் இரண்டாவதாக வந்த ஸ்பெயின் வீரர் ஹோர்கே மார்ட்டின் முடிவில் மிகவும் தளர்ந்துபோனார். எலும்பு முறியாத உடலுக்கே நிலைமை அது.

இந்தக் கணக்கை எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம். முடுக்கம் என்னும் சொல் வேகம் கூடுவதை மட்டும் குறிப்பதன்று என்பதை இதைவிட எளிதாக விளக்கும் எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

தகடு செய்வதும் செய்யாததும்

எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. சில நாட்களில் அந்த உறைவுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும் புதிய உயிரணுக்களும் புகுந்து, இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான குருத்தெலும்புப் பொருளால் இரு முனைகளையும் சுற்றிப் பூசுகின்றன. கொத்தர் விரிசலின்மேல் காரை பூசுவது போன்றதே இது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கடினமாகிறது. வளர்ந்தவர்களுக்குக் காறை எலும்பு ஓரளவு உறுதியாகக் கூடுவதற்கு வழக்கமாக 6 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. அதன் பின்னரும், வேண்டாத பகுதி கரைந்து பழைய வடிவம் திரும்புவதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் செல்லும். புகைபிடிப்போருக்கும் நீரிழிவு நோயாளருக்கும் இக்காலம் மேலும் நீளும்.

அறுவைச் சிகிச்சையில் முறிந்த முனைகளை நேர்ப்படுத்தி, பெரும்பாலும் டைட்டேனியத்தாலான தகடொன்றை எலும்போடு ஒட்ட வைத்துத் திருகாணிகளால் முடுக்கிவிடுகின்றனர். அறுவை முடிந்த அன்றே முனைகள் அசையாமல் நிற்கின்றன. வலி பெரிதும் தணிகிறது. கையைத் தூக்கவும் முடிகிறது. இங்கேதான் பலர் பிழைபட எண்ணுகின்றனர். தகடு எலும்பைக் கூட்டுவதில்லை. எலும்பு தானே கூடும் வரையில் அதன் வேலையைத் தகடு பார்க்கிறது; அவ்வளவே. எலும்பு கூடும் காலத்தை அது கணிசமாகச் சுருக்குவதும் இல்லை. உண்மையில், முனைகள் இம்மியும் அசையாதபடி இறுக்கினால், மேற்கூறிய காரைப்பூச்சே உண்டாகாமல், எலும்பு மெல்ல மெல்ல நேராக ஊடுருவிக் கூடும் முறை நடைபெறுகிறது, அது விரைவானதன்று. மண்டலிகாவில் ஓட்டிய நாளில், மரீனியின் எலும்பு மூன்று வாரத்து எலும்பே. பெத்ஸெக்கியின் எலும்பு ஒரு வாரத்து எலும்பே. பந்தயத்தின் பளு முழுவதையும் தாங்கியவை தகடுகளும் திருகாணிகளுமே ஆகும்.

உலோகம் எவ்வளவு காலம் தாங்கும்? ஒரு கம்பித் துண்டை எடுத்து ஒரு முறை சிறிது வளைத்தால் ஒன்றும் நேர்வதில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால், சில பத்து முறைகளுக்குள் முறிந்துவிடுகிறது. உலோகத்தின் இக்களைப்பைப் பொறியியலார் நன்கு அறிவர். ரயில் அச்சு, விமான இறக்கை யாவும் இதற்கு உட்பட்டவை. எலும்பு கூடக் கூடத் தகட்டின் பளு குறைந்துகொண்டே வரும். எலும்பு கூடுவதற்கு முன்பே தகட்டுக்கு ஆயிரக்கணக்கான முறை பளு ஏற்றினால், எலும்பு முந்துமா, உலோகம் முந்துமா என்னும் போட்டி தொடங்கிவிடுகிறது. பார்வையாளர் காணும் பந்தயத்துக்கு உள்ளே நடக்கும் மற்றொரு பந்தயம் இது.

தோற்றவர்கள்

2013 ஜூன் 27-ஆம் நாள் வியாழனன்று, ஹாலந்தின் அஸ்ஸன் நகரில் ஸ்பெயின் வீரர் ஹோர்கே லொரென்ஸோ பயிற்சியின்போது விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டார். விமானத்தில் பார்ஸிலோனா சென்று, அங்குத் தகடு பொருத்தப்பட்டு, அஸ்ஸனுக்கே திரும்பி, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். உலகம் வியந்து போற்றியது. இரண்டு வாரத்துக்குப் பின் ஜெர்மனியில் மறுபடியும் அதே தோள்மீது விழுந்தபோது தகடு வளைந்துவிட்டது. மீண்டும் அறுவை தேவைப்பட்டது. அப்பந்தயத்தை அவர் இழந்தார். முதற் செய்தியை நினைவில் வைத்திருப்போரில் பலர் இரண்டாம் செய்தியை மறந்துவிட்டனர்.

இதனினும் கடுமையானது அலெக்ஸின் தமையனார் மார்க் மார்க்கெஸின் வரலாறு. 2020 ஜூலை 19-ஆம் நாள், ஸ்பெயினின் ஹெரெஸ் பாதையில் அவர் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. ஜூலை 21-இல் தகடு பொருத்தினர். அந்த வாரத்துக்குள்ளேயே மருத்துவப் பரிசோதனையில் தண்டால் எடுத்துக் காட்டித் தகுதி பெற்று, ஜூலை 25-ஆம் நாள் அதே பாதையில் வண்டி ஏறினார். சில சுற்றுகளுக்குப் பின் கை வலுவிழக்கவே விலகிக்கொண்டார். ஆகஸ்ட் 3-ஆம் நாள் இரண்டாம் அறுவை செய்ய நேர்ந்தது. பழுதுற்ற தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு கதவைத் திறக்கும்போது அது முடிவாக விட்டுக்கொடுத்தது என்று அப்பொழுது கூறப்பட்டது. கதவு வெறும் கடைசித் துரும்பே என்பது மேலே கம்பியைப் பற்றிக் கூறியதிலிருந்து விளங்கும்.

அத்துடன் முடியவில்லை. முறிந்த முனைகள் கூடாமல், இடையில் மூட்டுப்போன்ற பொய்யான அசைவு நிலைத்துவிட்டது. டிசம்பரில் மூன்றாம் அறுவையில் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. புண்ணில் கிருமி புகுந்திருந்ததும் தெரியவந்தது. 2021 ஏப்ரல் வரை அவர் எந்தப் பந்தயத்திலும் இறங்கவில்லை. எலும்பு ஒருவாறு கூடியபோது சற்றே முறுக்கிக்கொண்டு கூடியிருந்தது. அதைத் திருத்த 2022 ஜூனில் அமெரிக்காவில் நான்காம் அறுவை செய்து, எலும்பை வெட்டிச் சுழற்றிப் பொருத்தினர். நான்கு நாளில் திரும்ப முயன்றமைக்கு ஈடாகச் சென்றவை ஆண்டுகள். அவர் முதலில் காத்திருந்தால் எலும்பு கட்டாயம் கூடியிருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. கூடுவதற்குரிய வாய்ப்பு மிகுந்திருக்கும் என்று கூறலாம்.

விடாமுயற்சி வென்றதும் உண்டு. ஆஸ்திரேலிய வீரர் மிக் டூஹன் 1992-இல் அஸ்ஸனில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டபோது, காலையே இழக்கும் நிலை வந்தது. இத்தாலிய மருத்துவர் க்ளாடியோ கோஸ்டா அவரைத் தம்மிடம் கொண்டுசென்று, இடது காலின் இரத்தம் வலது காலுக்குக் கிட்டும்படி இரு கால்களையும் சேர்த்துத் தைத்து வைத்தார். அவ்வாண்டின் கடைசி இரு பந்தயங்களுக்கு டூஹன் திரும்பினார்; நான்கே புள்ளிகளில் பட்டத்தை இழந்தார். பின்னர் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். வலது கணுக்கால் வளையாததால், காலால் அழுத்த வேண்டிய பின்சக்கரத் தடையை இடது கைக் கட்டைவிரலால் இயக்கும்படி வண்டியை மாற்றியமைத்தனர். உடலை வண்டிக்கு ஏற்ப வளைக்க முடியாதபோது வண்டியை உடலுக்கு ஏற்பத் திருத்தியது, இக்கதையில் மெச்சத்தக்க பகுதி.

மூளைக்குத் தகடு இல்லை

முறிந்த எலும்பைப் படம் பிடித்துப் பார்க்கலாம். தகடு வைத்துத் தாங்கலாம். தலையில் அடிபட்டபோது நிலைமை வேறு. தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கிறது. ஆனால் ஓடிய தலை சட்டென நிற்கும்போது, உள்ளேயுள்ள மூளை முன்னும் பின்னும் அலைவதை முழுமையாகத் தடுக்க அதனால் இயலாது. மூளைக் குலுக்கம் என்னும் இக்காயம் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. நினைவு பிசகுதல், தலைசுற்றல், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல், வெளிச்சம் கூசுதல் என்பனவே அறிகுறிகள். அடிபட்டவர் தாம் நலமாக இருப்பதாகவே சொல்வார். அவ்வாறு சொல்வதும் ஓர் அறிகுறியாக இருக்கக்கூடும். முதற்காயம் ஆறுமுன் மறுபடியும் தலையில் அடிபடின் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே, காறை எலும்பு முறிந்தவரை ஒரு வாரத்தில் அனுமதிக்கும் பந்தய மருத்துவர்கள், மூளைக் குலுக்கம் உற்றவரை எவ்வளவு மன்றாடினாலும் வண்டி ஏற விடுவதில்லை.

பாலைவனத்தின் வழியாகப் பல நாட்கள் ஓடும் டக்கார் நெடும்பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ், 2015-இல் அவர் 36-ஆவதாக வந்தார். 2021 ஜனவரி 6-ஆம் நாள், சவூதி அரேபியாவில் அதே பந்தயத்தின் நான்காம் கட்டத்தில் விழுந்து தலையில் காயமுற்றார். ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மூளைக்கு ஓய்வு தரும் பொருட்டு மருந்தின் மூலம் மயக்க நிலையில் வைக்கப்பட்டார். நினைவு திரும்பி, தாயகம் வந்து, தேறினார். இத்தகைய காயத்துக்குப் பின் அடுத்த வாரப் பந்தயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே பந்தயத்தில் கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, தமிழ்நாட்டின் ஓசூரில் தொழிற்சாலையுள்ள டி.வி.எஸ். நிறுவனத்தின் பங்கேற்புடைய குழுவுக்காக ஓட்டுபவர். 2023 ஜனவரியில் பந்தயத்தின் முதற்கட்டத்திலேயே விழுந்து முதுகெலும்பில் காயமுற்று விலகினார். அவர் அவ்வாண்டை உடல் தேறுவதற்கும் பயிற்சிக்கும் கொடுத்தார். 2024 ஜனவரியில் மீண்டும் இறங்கி, மொத்த வரிசையில் 11-ஆவதாகவும், ‘ராலி 2’ என்னும் பிரிவில் முதல்வராகவும் வந்தார். பெங்களூரைச் சேர்ந்த ஐஷ்வர்யா பிஸ்ஸேயின் செய்தியும் இத்தகையதே. 2018-இல் ஸ்பெயினில் நடந்த பந்தயத்தில் விழுந்து அவரது கணையம் கிழிந்தது. வயிற்றினுள் ஏற்பட்ட இக்காயத்துக்குக் கட்டுமில்லை, தகடுமில்லை; காத்திருத்தலே சிகிச்சையின் பெரும்பகுதி. மறு ஆண்டு, 2019-இல், அவர் பெண்கள் பிரிவில் பாஹா உலகக் கோப்பையை வென்றார். நொய்டாவில் விலா முறிந்த அலெக்ஸ் மார்க்கெஸும் ஜப்பானியச் சுற்றை விட்டுக்கொடுத்து, நவம்பரில் மலேஷியாவின் குறும்பந்தயத்தில் முதலாவதாக வந்தார். இவர்களைப்பற்றிச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் எழுதவில்லை. காத்திருப்பவரைப் படம் எடுப்பது கடினம்.

யார் முடிவு செய்வது?

காயமுற்றவர் மீண்டும் ஓட்டலாமா என்பதை அவரே முடிவு செய்வதில்லை; பந்தய மருத்துவ அதிகாரி பரிசோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும். இவ்வேற்பாட்டின் காரணம் எளிது. பந்தய வெறி, பட்டத்தின் புள்ளிகள், குழுவின் ஒப்பந்தம் யாவும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அபாய வேளையில் உடலில் சுரக்கும் அட்ரினலின் முதலிய பொருள்கள் வலியை மறைக்கின்றன. மரத்துப்போகச் செய்யும் ஊசி மேலும் மறைக்கிறது. வலி இல்லாதது காயம் ஆறியதற்குச் சான்றன்று. ஆனால் அச்சான்று வழங்கும் முறையிலும் குறை உண்டு. தண்டால் எடுப்பது தசையின் வலிமையைக் காட்டும். திருகாணியைச் சுற்றியுள்ள எலும்பின் நிலையைக் காட்டாது. மார்க் மார்க்கெஸின் நிகழ்ச்சிக்குப் பிறகு இது பலராலும் விவாதிக்கப்பட்டது.

பந்தய வீரருக்கு இருக்கும் வசதிகளையும் மறத்தலாகாது. விழுந்த சில நிமிடங்களில் மருத்துவர் அருகே நிற்கிறார். அன்றோ மறுநாளோ அறுவை நடக்கிறது. நாள்தோறும் உடற்பயிற்சி மருத்துவர் கையைப் பிடித்து இயக்குகிறார். எதிரே மாட்டு வண்டியோ, லாரியோ வருவதில்லை. இந்நாட்டின் சாலைகளில் நிலை வேறு. 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையம் போன்றவை பெருநகரங்களில் உள்ளன. கிராமப் பாதையில் விழுந்தவருக்கு அவை வெகு தொலைவு.

கிராமங்களுக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் செல்லும் களப்பணியாளர்களுக்கு இவ்விஷயத்தில் நேரடியான தொடர்பு உண்டு. காறை எலும்பு முறிந்தவர் கையைத் தூளியிலிட்டு ஒன்றிரண்டு வாரத்தில் வலி தணிந்ததும், “இனி ஒன்றுமில்லை” என்று வண்டியை எடுப்பது வழக்கமாக உள்ளது. மெதுவாகச் செல்லும்போது கை ஒத்துழைக்கும். ஆனால் குறுக்கே ஓர் ஆடு ஓடி வரும் நொடியில், பிடியை முழு வலுவோடு இறுக்கி, உடலின் பளுவைத் தோளில் தாங்க வேண்டும். பந்தய வீரருக்குச் சுற்றுதோறும் நேர்வது இவருக்கு ஒருமுறை நேர்ந்தாலும் போதும். எலும்பு கூடியிருப்பதைப் படத்தில் கண்டு மருத்துவர் சொல்லும் வரையில் வண்டி ஓட்டாதிருப்பதே முறை. கட்டுப் போடுவதில் பேர்பெற்ற வைத்தியர்களிடம் செல்வோரும், முனைகள் நேராக நிற்கின்றனவா என்பதைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வது நலம். மார்க்கெஸின் எலும்பு முறுக்கிக் கூடியது கண்ணுக்குத் தெரியும் குறையாக இருக்கவில்லை.

விழுந்தவரைக் கண்டால் உடனே கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது தவறு. கழுத்து எலும்பு முறிந்திருக்கலாமாதலின் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு விடுவதற்குத் தடையில்லையெனில் தலைக்கவசத்தை அவசரப்பட்டு இழுக்கலாகாது. பந்தயப் பாதைகளில் உதவியாளர்களுக்கு முதலாவதாகக் கற்பிக்கப்படும் பாடங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் நினைவு மங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, உறக்கம் மிகுந்தாலோ, அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்பது பல உயிர்களைப் பறித்த சொல்.

நொய்டாப் பாதையில் 2024-இல் நடப்பதாக இருந்த மோட்டோ ஜீ.பி. சுற்று நடைபெறவில்லை. மார்க் மார்க்கெஸ் நான்கு அறுவைகளுக்குப் பிறகு படிப்படியாகத் தேறி, 2025 செப்டம்பர் 28-ஆம் நாள் ஜப்பானில் மீண்டும் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 5-ஆம் நாள், மண்டலிகாவில் முதல் சுற்றில் பெத்ஸெக்கியின் வண்டி பின்னாலிருந்து மோதியதால் இருவரும் விழுந்தனர். மார்க்கெஸின் வலது தோளில் எலும்பும் தசைநாரும் காயமுற்றன. அறுவை செய்துகொண்ட அவர், அவ்வாண்டில் எஞ்சியிருந்த நான்கு சுற்றுகளிலும் வண்டி ஏறவில்லை.